கேமராவுக்குள் இருந்த முடி

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

கோடு போட்ட தாள் அனுப்பியதற்கு நன்றி. கோடில்லாவிட்டால் என் கையெழுத்து மேலே ஏறிவிடும்.

டாம்சின் ஹோல்ராய்டு இப்போது பரிசு வாங்கிய இயக்குநர். அவளுடைய முதல் மூன்று குறும்படங்களுக்கும் கேமரா உதவியாளன் நான்தான். மழை பெய்தால் குடை கேமராவுக்கு, நனைந்தது நான்.

நான்காவது படம் பிப்ரவரிக் கடுங்குளிரில், இங்கிலாந்தின் விதர்ன்ஸீ கடற்கரையில். நாயகன் காரத் டனிக்ளிஃப் மார்பளவு நீர்வரை நடந்து, திரும்பிச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. அன்று காலைத் தேநீரின்போது டாம்சின் சொன்னாள்: "ஜூன்ல எனக்கும் காரத்துக்கும் கல்யாணம். கிளெம், நீதான் மாப்பிள்ளைத் தோழன்." நான் மனதார வாழ்த்தினேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஃபிலிமில் எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவை எடுத்து முடித்ததும் உதவியாளன் லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே முடிபோல் துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். அவன் சொன்னதை இயக்குநர்கூடச் சரிபார்ப்பதில்லை. அது மரியாதை.

முடி இருக்கிறது என்றேன்.

காரத் உடை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கினான். மூன்றாம் தடவை, பல் தந்தியடிக்க, "டேய் கிளெம், உன் தலையிலயே இத்தனை முடி இல்லையேடா" என்றான். எல்லோரும் சிரித்தோம். நல்ல பையன்.

ஐந்தாம் தடவைக்குப் பிறகு டாம்சின், "போதும், விட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"பெரிய திரையில அது கயிறு மாதிரி தெரியும். உன் இஷ்டம்" என்றேன்.

"உன் படம்மா. நான் இறங்குறேன்" என்று சொன்னது காரத்தே. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் தடவை மார்பளவு போனான். திரும்பவில்லை. இழுத்து வந்தபோது இதயம் நின்றிருந்தது.

குளிர்நீரின் ஆபத்து எனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியும். இரண்டு தடவைக்கு மேல் இறங்கக் கூடாது என்ற பாதுகாப்புக் குறிப்பைத் தட்டச்சு செய்தவனே நான்தான். எல்லோருக்கும் கொடுக்க வேண்டியவனும் நான்தான். என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது.

ஃபிலிம் கழுவி வந்ததும் எதிலுமே முடி இல்லை என்று கண்டுபிடித்து உங்களிடம் சொன்னவள் டாம்சின். அவள் கண் கூர்மையானது. ஏழு தடவையும் உள்ளே கண்ணாடிபோல் சுத்தம்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எல்லாம் படத்துக்காக. தடவைக்குத் தடவை அவன் சிரிப்பில் உண்மை கூடிக்கொண்டே வந்தது. ஆறாவது அற்புதம்.

பரிசு வாங்கிய படத்தில் அவள் வைத்திருப்பது முதல் தடவை எடுத்ததை. அவளுக்கு இன்னும் அனுபவம் போதாது. அடுத்த படத்துக்கு நான் பக்கத்தில் இருந்தால் எடுத்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
கிளெமென்ட் ஆஸ்க்