ரோட்டுக்கு முதுகு காட்டும் வீடு

சரவணம்பட்டி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். போனைப் பார்த்த கணவர் உட்கார்ந்தபடியே துள்ளினார்.

"அம்மணி, நம்ம பிளானுக்கு அப்ரூவல் வந்துருச்சு! நாளைக்கே பூசை போட்டு ஊட்டு வேலைய ஆரம்பிச்சுபோடலாம்."

"வாசல் கெழக்கயேதானுங்களே இருக்குது?" போனைப் பிடுங்காத குறையாகக் கேட்டார் மனைவி.

"கெழக்கயேதான். ரோடு மேக்கால இருக்குது, நம்ம ஊடு மட்டும் ரோட்டுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கப்போவுது. நெசந்தானான்னு இஞ்சினியரு மூணு தடவ கேட்டுப்போட்டாரு."

"வாஸ்துன்னு சொல்றதுதானுங்க?"

"சொல்லிப்போட்டேன். எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லு. அந்தப்பக்கம் உங்கண்ணன் ஊட்டு வாசல் மட்டுந்தான இருக்குது? எட்டு வருசமா நம்மகூடப் பேச்சுவார்த்தை இல்லாத மனுசன்."

"அதுக்குத்தானுங்க! கதவத் தொறந்தா தெனமும் நானு அவரு மூஞ்சியில முழிக்கோணும், அவரு எம்மூஞ்சியில முழிக்கோணும். எத்தன நாளைக்குப் பேசாம இருப்பாரு?"

கணவர் போனை அவர் கையில் கொடுத்தார். மனைவி போனில் தெரிந்த வரைபடத்தில் வாசலை விரலால் பெரிதாக்கிக்கொண்டே சொன்னார்:

"கவர்மெண்டே ஒத்துக்கிச்சுங்க. எங்கண்ணன் ஒத்துக்க மாட்டாருங்களா?"