பொட்டு வைச்ச அட்டை

கப்பல்துறைக்குப் போகும் பஸ் துறைமுக வாசலில் நின்றது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு சகோதரிகள். தங்கை அக்காவிடம் பெருமையாகச் சொன்னாள்: "அந்தக் கொமிக்ஸ் புத்தகத்தை நான் இன்னும் திறந்தே பாக்கேல்லை."

"வாசிக்காட்டி என்னத்துக்கடி வாங்கினனீ?"

"உள்ளுக்க எல்லாப் புத்தகத்திலயும் ஒரே கதைதான் அக்கா. அட்டைப்படம்தான் வேற. இந்த அட்டையில கொஞ்சப் புத்தகம்தான் அடிச்சவங்கள், உறை பிரிக்காம வைச்சிருந்தா நல்ல விலைக்கு விக்கலாம். இஞ்ச பாருங்கோ, இண்டைக்கும் விலை ஏறியிருக்கு!" கைபேசியை அக்காவின் மூக்கருகே நீட்டினாள்.

அக்கா அதைப் பார்க்கவில்லை. "சிவப்பு அட்டை போட்டதோ?"

"ஓம்."

"நேற்றுச் சரஸ்வதி பூசைக்கு எல்லாப் புத்தகத்தோடயும் அதையும் வைச்சனான்."

"வைச்சா என்ன?"

"பிளாஸ்டிக் உறையைக் கழட்டிப்போட்டுச் சந்தனமும் குங்குமமும் வைச்சனான்."

தங்கை போட்ட கூச்சலில் சாரதியே திரும்பிப் பார்த்தார்.

அக்கா அசையவில்லை. "ஏன் கத்துறாய்? அட்டை வேறயெண்டா விலை கூட எண்டு நீதானே சொன்னனீ? பொட்டு வைச்ச அட்டை உலகத்தில வேற ஆரிட்ட இருக்கு?"

தங்கை கைபேசியை ஒருமுறை பார்த்தாள். பிறகு அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பொட்டை இன்னும் துடைக்கேல்லைத்தானே அக்கா?"