சிவப்பு விளக்குக்குப் பணியாத லோசெலினே ஹவேயா அவர்களுக்கு

தெற்கு ஆக்லாந்து விளையாட்டரங்கின் வடக்கு வாயிலைத் தம் வீட்டு வாசலாய்க் காத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மேற்பார்வையாளர் திருமதி லோசெலினே ஹவேயா அவர்களுக்கு, வாயிற்காவலர்கள் வாசித்தளிக்கும் மடல்.

வாயிலின் வடிவே, வளையாத வாய்மையே,

ஒரு நிகழ்ச்சியை இம்மடலில் எழுத வேண்டாமென்று அலுவலகம் கேட்டுக்கொண்டது. ஆகவே அதையே முதலில் எழுதுகிறோம்.

சென்ற குளிர்காலத்தில் டோங்கா அணி ஆடிய மாலை. சிவப்பும் வெள்ளையும் பூசிய முகங்களோடு நம் டோங்கா மக்கள் திரண்டு வர, முகம் அறிவதாகச் சொல்லப்பட்ட புதுக் கேமரா, ஒரு பள்ளி மாணவியைக் கண்டு சிவப்பு விளக்கைக் காட்டியது. கத்தியோடு பிடிபட்டு, அரங்கில் நுழையத் தடை பெற்ற எவளோ ஒருத்திதான் இவள் என்றது. ஆட்டத்துக்குமுன் பாட வந்த மெலெனைட்டே அவள்.

"நான் எதுவும் பண்ணல ஆன்ட்டி. போலீஸ் கூட்டிட்டுப் போனா எங்கப்பா தாங்க மாட்டாரு" என்று கெஞ்சினாள்.

நம்மவர் எவரைக் கண்டாலும் முதலில் கேட்பதையே நீங்களும் கேட்டீர்கள்.

"எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

"கொலோவாய். சமுவேலா பொண்ணு."

"சர்ச் பேண்டுல கொம்பு ஊதுவாரே, அவரா? அந்த ஆளு ஊதுனா தெருநாய் ஓடும். பையத் திற பாப்போம்."

பையில் பாட்டுத் தாளும், இலையில் கட்டி வேகவைத்த 'லூ' இறைச்சிப் பொட்டலமும் இருந்தன.

"தொண்ணூறு சதவீதம் இவதான்னு மெஷின் சொல்லுது. உங்க ஊர்க்கதை எதுக்கு?" என்றார் மேலாளர்.

நீங்கள் வாதாடவில்லை. "ஒஃபா, செய்னி, கலோலைன், வாங்கடி. அந்த டப்பா முன்னால நில்லுங்க" என்றீர்கள். நின்றோம். ஒஃபாவுக்குச் சிவந்தது. செய்னிக்கும் சிவந்தது. இருவருக்கும் அதே கத்திக்காரியின் பெயர். கலோலைனுக்கு மட்டும் பச்சை; அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

"இவளுக்கு ஆறு பிள்ளைங்க, அவளுக்குப் பேரப்பிள்ளைங்க. இப்ப எவளைப் பிடிக்கணும், நீங்களே சொல்லுங்க" என்றீர்கள்.

மெலெனைட்டே உள்ளே போனாள், பாடினாள். உங்களைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். மழையில் நனைந்தும் மனம் நனையாமல், மஞ்சள் சட்டையில் மலையென நின்று, பணிக்காலத்தின் மிச்சத்தை அங்கேயே முடித்தீர்கள்.

மங்கிய வெளிச்சத்தில் எங்கள் நிறத்து முகங்களைப் பிரித்தறியாத கருவி, கூட்டத்தை எண்ணட்டும், கதவைக் கண்காணிக்கட்டும். இன்னார் குற்றவாளி என்று தீர்ப்பெழுத அதற்கு உரிமையில்லை. ஆயினும் விளக்கு சிவந்தால் எதுவும் கேட்காமல் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்று புதிய ஆணை வந்திருக்கிறது. எங்கள் பதிலை உங்கள் முன்னிலையில், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளரின் செவிக்கும் எட்டும்படி சொல்கிறோம்.

அடுத்த ஆட்டத்திலும் விளக்கு சிவக்கும். நாங்கள் பையைத் திறப்போம், முகம் பார்ப்போம், யார் வீட்டுப் பிள்ளையென்று கேட்போம். அதற்காக எங்களையும் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பினால் போவோம். அங்கே இடம் நிறைய உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள்.

முழங்கால் வலி நீங்கி, நெடுங்காலம் நலமாய் வாழ்க, லோசெலினே. ஆட்டம் பார்க்க வடக்கு வாயில் வழியே வாருங்கள். விளக்கு எந்த நிறம் காட்டினாலும் சரி.

இங்ஙனம்,
ஒருத்தியே என்று இயந்திரம் சாதித்த ஒஃபா, செய்னி,
பச்சை விளக்குப் பெற்ற கலோலைன்,
மற்றும் வடக்கு வாயிற்காவலர் அனைவரும்