வேலியோரக் குழாய்

— கிருமி டாக்டரம்மா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? நாலாவது குழாய் என்னதான் சொல்லுது?

— செத்துக் கிடக்கு ஐயா. நாம இறக்கிவிட்ட கிருமிங்க மத்த மூணு குழாய்லயும் மண்ணுல ஊறின உங்க சலவைக்கடை மருந்தைத் தின்னு ஏப்பம் விடுதுங்க. உங்க தம்பி வீட்டு வேலியோரத்துல மட்டும் ஒண்ணுக்கும் உசுரு இல்ல.

— தீனி பத்தலையோ?

— பீப்பா பீப்பாவா சர்க்கரைப் பாகு ஊத்தியாச்சு. சாப்பிடத்தான் ஆள் இல்ல.

— எல்லாம் என்னால வந்த வினை. இருபது வருஷம் கோட்டு சூட்டு வெளுத்த மருந்து, மிச்சத்தைக் கொல்லையில கொட்டினேன். மண்ணு குடிச்சிரும்னு நெனச்சேன். அது நேரா என் தம்பி கிணத்துல போய் உக்காந்துக்கிச்சு.

— தெரிஞ்சா செஞ்சீங்க?

— அவன் அப்படி நெனைக்கலையே! கிணத்தை மூடின அன்னைக்கு மூஞ்சியைத் திருப்பினவன். பதினோரு வருஷமாச்சு. எதிர்ல வந்தா தெருவையே மாத்திக்கிறான்.

— வெள்ளிக்கிழமை நான் அறிக்கை குடுக்கணும். நாலாவதுல மருந்து அளவு குறையலைன்னா சர்க்கார்ல உங்க தம்பியை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க.

— அவன் பொறந்த வீடும்மா அது! தண்ணியைத்தான் கெடுத்தேன், வீட்டையுமா புடுங்கணும்?

— இந்தத் தண்ணியைக் கொஞ்சம் மோந்து பாருங்க.

— அட, குளோரின் வாடை!

— நான் வழக்கமா வெள்ளிக்கிழமைதான் வருவேன். அதுக்குள்ள வாடை போயிருக்கும். இன்னைக்குத் திங்கக்கிழமை வந்ததுல மாட்டிக்கிச்சு. கிருமிகளுக்கு இது எமன். யாரோ ஊத்தறாங்க. மூடிக்குப் பூட்டு போடாதது என் தப்பு.

— யாரோ என்ன யாரோ? அவனேதான்! நீச்சல் குளத்துல முப்பது வருஷம் தண்ணி சுத்தம் பண்ணினவன். வீடு பூரா குளோரின் கேன். தன் மூக்கை அறுத்துக்கிட்டாவது எனக்குச் சகுனத் தடை பண்ணணும்னு பாக்கறான்!

— பொறுங்க. குழாயோட அந்தப் பக்கம், அவர் வீட்டைப் பாத்த பக்கம், குனிஞ்சு பாருங்க.

— என்னமோ பென்சில்ல கிறுக்கியிருக்கு... இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். அவன் எழுத்துதான். ‘ஞாயிறு, ரெண்டு லிட்டர்.’ ‘ஞாயிறு, ரெண்டு லிட்டர்.’ தேதிதான் மாறுது, கீழ வரைக்கும் இதேதான்.

— கெடுக்கணும்னு வர்றவன் அளந்தா ஊத்துவான்? தேதி போட்டா எழுதுவான்?

— குளத்துக்கும் இப்படித்தாம்மா எழுதி வைப்பான். ஒரு நாள் தவற மாட்டான். இந்தத் தண்ணியையும் சுத்தம் பண்றதா நெனச்சிட்டானோ!

— முதல் தேதி என்ன?

— நாம குழாய் இறக்கினதுக்கு மறுவாரம்.

— அவர் நிறுத்திட்டா புதுசா கிருமி இறக்கலாம். காரணத்தை எழுதினா எனக்கு ஆறு மாசம் தவணை குடுப்பாங்க. ஆனா யாராவது போய் அவர்கிட்ட சொல்லணும்.

— நீங்களே சொல்லிருங்களேன்.

— நான் சொன்னா அதிகாரி அதட்டின மாதிரி ஆயிரும் ஐயா.

— சரி, நானே போறேன். ஆனா பதினோரு வருஷம் கழிச்சு அவன் கதவைத் தட்டி, ‘எனக்கு ஒத்தாசை பண்ணினது போதும்டா தம்பி’ன்னு எந்த வாயால சொல்லுவேன்?