கரையில் ஒருவர், கப்பலில் ஒருவர்

திருகோணமலைத் துறைமுக வானொலி அறையில் கடமையாற்றி இன்று ஓய்வுபெறும் திருமதி வள்ளிநாயகி சிவரூபன் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

கோணமலைக் கடற்காற்றின் குணமறிந்த குரலே! கொந்தளிக்கும் கடல்நடுவே கலங்கி நின்ற கலங்களுக்கெல்லாம் கனிவும் கண்டிப்பும் கலந்து வழிசொன்ன காவலே! முகம் காணா மாலுமிகளும் மதித்த மாண்பே! முப்பத்தாறு ஆண்டுச் சேவையின் பெரும்பகுதி ஒற்றைச் சன்னலும் ஒலிவாங்கியும் ஒரு குறிப்பேடும் துணையாக, ஊரார் உறவெல்லாம் கரைசேரக் காத்திருந்த பெருந்தகையே! உங்கள் முன் எழுந்து நின்று வணங்குகிறோம்.

நேரந்தவறாமை, நிதானம், நேர்மை என்று உங்கள் நற்குணங்களை நிரலாக்கி வாசிப்பது எங்களுக்கு எளிது. அவற்றை இந்தச் சபை நன்கறியும். சபை அறியாத ஒன்று உண்டு. தேநீர் வேளைகளில் நீங்கள் துண்டு துண்டாகச் சொன்னதையும், உங்கள் மகள் அனுஷியா சொன்னதையும், நாங்கள் கண்ணால் கண்டதையும் கோத்து, யாரோ ஒருவரின் கதையைச் சொல்வதுபோல இங்கே சொல்லப் போகிறோம். கூச்சப்படாமல் கேட்டிருக்க வேண்டுகிறோம்.

வள்ளிநாயகி சல்லிக் கிராமத்தில் பிறந்தவர். இருபத்துநான்கு வயதில் துறைமுகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து, நிலாவெளியைச் சேர்ந்த சிவரூபனை மணந்தார். மாப்பிள்ளை வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் வேலை. கலியாணம் முடிந்து நாற்பத்தோராம் நாள் கப்பலேறிப் போனார். அனுஷியா பிறந்தபோது அவர் எந்தக் கடலில் இருந்தார் என்பதுகூட வீட்டாருக்குத் தெரியாது. தந்தி போய்ச்சேரப் பதினெட்டு நாள். பிள்ளையை அவர் முதன்முதலாகத் தூக்கியபோது அதற்கு ஏழு மாதம். புது முகத்தைக் கண்டு வீரிட்டு அழுதது. வருடத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அதுவே அவர்களுடைய வாழ்க்கையின் ஒழுங்காகிவிட்டது.

லிங்கநகரில் அவர்கள் கட்டிய சின்ன வீட்டைச் சுற்றி உப்புக்காற்று தின்ற மணல்தான் இருந்தது. சிவரூபன் வந்து நிற்கும் இரண்டு மாதத்தில் ஏதாவது ஒன்றை நட்டுவிட்டுப் போவார். நட்டதைப் பிழைக்க வைப்பது வள்ளிநாயகியின் பாடு. மாட்டெரு சுமந்தார், கிடுகு வேலி கட்டிக் காற்றை மறித்தார், வேலைக்குப் போகுமுன் கிணற்றில் இருபது வாளி தண்ணீர் அள்ளி ஊற்றினார். தண்ணீர் ஊற்றும்போது பாடுவது அவர் வழக்கம். சிறுவயதில் முறையாகச் சங்கீதம் படித்தவர். மேடையேறும் வாய்ப்பு அமையவில்லை. செவ்வரத்தையும் மாதுளையும் கறிவேப்பிலையும்தான் கேட்டன. வீட்டில் நிற்கும் நாட்களில் சிவரூபன் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணி ஆறிப்போவது தெரியாமல் கேட்டிருப்பார். பொழுது சாயும் நேரத்தில் இருவரும் கடற்கரைக்கு நடப்பார்கள். அதிகம் கதைக்க மாட்டார்களாம். பக்கத்தில் ஒருவர் நடந்து வருகிறார் என்பதே போதுமாக இருந்தது என்று வள்ளிநாயகி ஒருமுறை சொன்னார். அந்த இரண்டு மாதங்களைப் பத்து மாதம் நினைத்துக்கொண்டிருப்பார்.

எழுதுவினைஞராக இருந்தவரை வானொலி அறைக்கு மாற்றியபின் முதல் வருடத்திலேயே ஒன்று நடந்தது. யாரோ இருவர் கடலில் இருந்தபடி அழைப்பு அலைவரிசையில் இருபது நிமிடம் ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருபது நிமிடமும் ஆழ்கடலில் இயந்திரம் நின்றுபோன படகொன்று உதவி கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. குரல் ஊடே நுழைய முடியவில்லை. அதில் போன மூவரில் இருவரே கரை திரும்பினர். அன்று ஒலிவாங்கியின் முன் இருந்தவர் வள்ளிநாயகி. விலகுங்கள் என்று அவர் எத்தனை முறை சொல்லியும் அந்த இருவர் கேட்கவில்லை. வராத மனிதனின் மனைவி மறுநாள் அலுவலக வாசலில் வந்து இருந்ததை அவரால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த அலைவரிசையில் ஒரு வீண்சொல்லுக்கும் அவர் இடம் கொடுத்ததில்லை.

1999ஆம் ஆண்டு மாசி மாதம். சிவரூபன் போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. கடிதம் வந்து எழுபது நாள். கைத்தொலைபேசி எங்கள் பகுதிக்கு எட்டாத காலம். ஒருநாள் காலை பத்து மணிக்கு, வெளிக்கடலில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பலொன்று துறைமுகத்தைக் கூப்பிட்டது. கப்பலின் பெயரைக் கேட்டதும் வள்ளிநாயகியின் பேனை நின்றுவிட்டது. கடைசிக் கடிதத்தின் மேல்மூலையில் எழுதியிருந்த பெயர் அது.

கப்டன் ஒரு கிரேக்கர். நல்ல மனிதர் போலும். தம்மிடம் இந்த ஊர்க்காரர் ஒருவர் வேலைசெய்கிறார், அவருடைய மனைவி உங்கள் நிலையத்தில்தான் இருக்கிறாராம், இரண்டே நிமிடம் பேச விடுவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிவரூபன் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது அவர் சொல்லாமலே விளங்கியது.

அறையில் அப்போது இருந்த மேலதிகாரி, கதையுங்கோ என்று தலையசைத்தார். வள்ளிநாயகி ஒலிவாங்கியை எடுத்தார். இந்த அலைவரிசையில் சொந்தக் கதை கதைக்க அனுமதியில்லை என்றார். பிறகு வள்ளிநாயகியே மறுபடி பேசினார். பத்தேகாலுக்கு வேறோர் அலைவரிசையில் மீனவர்களுக்கான காலநிலை அறிவித்தல் தமிழில் வாசிக்கப்படும், கப்பலுக்குத் தேவைப்பட்டால் கேட்கலாம் என்று அறிவித்தார்.

பத்தேகாலுக்கு வாசித்தார். நிலாவெளிக்கு வடக்கே காற்று எப்படி வீசும், மூதூர்ப் பக்கம் கடல் எப்படி இருக்கும், அலை எவ்வளவு உயரும் என்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். ஒழுங்கின்படி அதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். வழக்கமாக மூன்று நிமிடத்தில் முடிவது அன்று ஆறு நிமிடம் எடுத்தது. அன்றைய கடல் அமைதி. படகுகள் பயமின்றிப் போய்வரலாம் என்ற கடைசி வரியில் குரல் ஒரு கணம் தளர்ந்ததாகவும், உடனே நிமிர்ந்ததாகவும் அந்த மேலதிகாரி பிற்காலத்தில் சொல்வார். அறிவித்தலைக் கேட்ட கலங்கள் பதில் தருவது முறை. மூன்று படகுகள் பதில் தந்தன. நான்காவதாக ஒரு குரல் வந்தது.

"அறிவித்தல் கிடைச்சுது. தெளிவாக் கிடைச்சுது."

வள்ளிநாயகி கப்பலின் பெயரையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதினார். பின் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்ச வேலையைப் பார்த்தார்.

வருடங்கள் ஓடின. சிவரூபன் போசன் ஆனார். கப்பல் தளத்தில் வேலைசெய்வோருக்கெல்லாம் தலைவர். அவர் நட்டுவிட்டுப் போன கறுத்தக்கொழும்பான் மாமரம் முற்றத்தை மூடி வளர்ந்தது. அது காய்க்கும் ஆனி ஆடியில் அவர் ஒரு முறையேனும் வீட்டில் நின்றதில்லை. முதற் காய் பழுத்ததை வள்ளிநாயகி கடிதத்தில் எழுதினார். பிறகு பிறகு, தொலைபேசியில் படம் அனுப்பினார். பழத்தை அயலுக்குக் கொடுத்தார், எங்களுக்கும் கொண்டுவந்தார். தான் மட்டும் பேருக்கு ஒரு துண்டு வாயில் வைப்பார்.

2020இல் கொரோனா வந்தது. துறைமுகம் இயங்கியது, ஊர் அடங்கிக் கிடந்தது. சித்திரை மாதம் கோதுமை ஏற்றிய கப்பலொன்று உள்ளே வந்து, இறக்க ஆள் போதாமல் நடுத்துறையில் நங்கூரமிட்டது. அதில் சிவரூபன் இருந்தார். அவர் வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம். கப்பலில் இருந்து எவரும் இறங்கக்கூடாது, கரையில் இருந்து எவரும் ஏறக்கூடாது என்பது கட்டளை. வீட்டுக்குப் போக ஓட்டோவில் கால்மணி நேரம் பிடிக்கும். அந்தத் தூரத்தில் ஒன்பது நாள் நின்றார்.

மாலையில் கடமை முடிந்ததும் வள்ளிநாயகி ஊரடங்கு அனுமதிப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்துறைமுக வீதிக்கு வருவார். அங்கிருந்து கப்பல் அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடி கரையோரமாக நடப்பார். அதே நேரம் சிவரூபன் கப்பலின் அணியத்தில் இருந்து பின்புறம் வரைக்கும் நடப்பார். இவர் திரும்பும்போது அவரும் திரும்புவார். மாதுளை பூத்ததை, கறையான் பிடித்த வேலியை, அனுஷியாவின் பிள்ளைக்குப் பல் முளைத்ததை எல்லாம் அப்படி நடந்தே கதைத்தார்கள். ஆளரவமற்ற தெருவில், நகரத்துக்குள்ளேயே உலவும் மான்கூட்டம் அவரைக் கடந்து போகும். மானுக்கு இருக்கிற அனுமதி எனக்கில்லையே என்று சிவரூபன் அங்கிருந்து சொல்லிச் சிரிப்பாராம்.

ஏழாம் நாள், வழிகாட்டிப் படகை ஓட்டும் ஸைனுலாப்தீன் நானாவுக்கு மனம் பொறுக்கவில்லை. கப்பலுக்குப் பத்திரங்கள் கொண்டுபோக வேண்டியிருந்தது. இறங்குதுறையில் நின்ற வள்ளிநாயகியைக் கூப்பிட்டார்.

"ஏறுங்க மிஸ். கப்பலோட அணைச்சுப் பிடிக்கிறன், முகத்தப் பாத்திட்டு வந்திரலாம். பத்து நிமிசம்."

வள்ளிநாயகி ஒரு காலைப் படகில் வைத்தார். படகு மெல்ல ஆடியது. அப்படியே நின்றார். கரையாள் ஒருவர் கப்பலை அண்டிப் போனதாகத் தெரிந்தால் படகையும் படகோட்டியையும் பதினான்கு நாள் மறித்துவிடுவார்கள். அப்போது துறைமுகத்தில் ஓடக்கூடிய நிலையில் இருந்தவை இரண்டு படகுகள்.

"ஏலாது நானா," என்று காலை எடுத்தார். "நீங்களும் இல்லாட்டி ஆர் போறது."

பிறகு சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு அனுமதி பெற்று, வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலை, பச்சைமிளகாய், முருங்கைக்காய், தேசிக்காய் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார். கப்பலில் இருந்து கயிறு விட்டுத் தூக்கினார்கள். சாக்கு மேலே போய்ச் சேர்ந்ததும் போசன் அதை ஒருவரிடமும் கொடுக்காமல் முகத்தோடு அணைத்துக்கொண்டு நின்றதை நானா பார்த்தார். அதை வள்ளிநாயகியிடம் சொல்வதற்கு அவருக்கு இரண்டு நாள் எடுத்தது.

பத்தாம் நாள் காலை கப்பல் நங்கூரம் எடுத்தது. இந்தக் கரையில் இருந்து தெரியாத இறக்குதுறைக்குப் போய், கோதுமையை இறக்கிவிட்டு அப்படியே கடலுக்குப் புறப்படுவதாகத் திட்டம். வள்ளிநாயகிக்கு அன்று விடுமுறை. வழக்கமான இடத்தில் வந்து நின்றார். ஒரு பாட்டுப் பாடும் என்று சிவரூபன் ஒன்பது நாளும் கேட்டிருந்தார். தெருவில் நின்று பாடுவதா என்று இவர் மறுத்துக்கொண்டே வந்தார். அன்று அவர் கேட்கவில்லை. இவரே பாடினார். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, கடலைப் பார்த்தபடி, முழுக் குரலில் பாடினார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் இருவர் எட்ட நின்று கேட்டார்கள். இடையில் தொடர்பு அறுந்தது அவருக்குத் தெரியும். பாட்டை முடித்துவிட்டே தொலைபேசியைப் பையில் வைத்தார்.

அடுத்த வருடம் ஆனியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, மாம்பழக் காலத்தில் சிவரூபன் வீட்டில் நின்றார். மரத்தடியிலேயே நின்று, முழங்கை வழியச் சாறு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்.

"இவ்வளவு ருசியெண்டு நீர் எழுதவே இல்லையே," என்றார்.

"எழுதியிருந்தா உங்களுக்கு அங்க இருக்க ஏலாமல் போயிருக்கும்," என்றார் வள்ளிநாயகி.

அதற்குப் பிறகும் அவர் கப்பலேற வேண்டியிருந்தது. நாட்டு நிலைமை அப்படி. கடைசி ஒப்பந்தம் என்று சொல்லிச் சென்ற வருடம் ஆவணியில் போனார்.

அம்மா, இனி உங்களை நேரே பார்த்துச் சொல்கிறோம்.

இன்னும் இரண்டு வருடம் ஒப்பந்த அடிப்படையில் நிற்கும்படி நிர்வாகம் உங்களைக் கேட்டது. நாங்களும் கேட்டோம். முடியாது என்றீர்கள். இவ்விழாவை மாலை ஐந்து மணிக்கு வைக்க எண்ணினோம். இரண்டு மணிக்கு மாற்றச் சொன்னீர்கள். ஏன் என்று உங்களிடம் தொழில் பழகிய பஹ்மி கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை அவர் வந்து எங்களிடம் சொன்னதும், அழைப்பிதழில் நேரத்தை மாற்றி எழுதினோம்.

"முப்பத்திநாலு வருசத்தில ஒருக்காலும் நான் பஸ் ஸ்ராண்டில போய் நிண்டு அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததில்லை, பஹ்மி. ஒவ்வொரு முறையும் எனக்கு டியூட்டி. அவர் தானே பையைத் தூக்கிக்கொண்டு வந்து, பூட்டின வீட்டைத் திறந்து, தனிய இருந்து தேத்தண்ணி குடிப்பார். அண்டைக்குத்தான் வாறார். இனிப் போகமாட்டார். நான் போய் நிக்கோணும்."

அன்பும் அறிவும் ஆற்றலும் அமைந்த அன்னையே! தோட்டம் தழைக்கவும், தொண்டை இனிக்கவும், துணையோடு நடக்கும் கரை நீளவும் வாழ்த்துகிறோம். நோயும் நொடியும் உங்கள் படலையைத் திறவாதிருக்கட்டும். இருவரும் ஒரே கூரையின் கீழ் எண்ணற்ற மாம்பழக் காலங்களைக் காணுங்கள்.

இதை வாசித்து முடிக்கையில் மணி மூன்றே முக்கால் ஆகியிருக்கும். கொழும்பு பஸ் நாலரைக்கு வருகிறது. வாசலில் ஓட்டோ நிற்கிறது. மாலையையும் சட்டமிட்ட இந்த மடலையும் நாளைக்கு நாங்களே வீட்டில் கொண்டுவந்து தருகிறோம். நீங்கள் போங்கள், அம்மா.

என்றும் உங்கள் குரலுக்குப் பழகிய,
வானொலி அறை, வழிகாட்டிப் படகுப் பிரிவு, அலுவலகப் பணியாளர்கள்
திருகோணமலை