செத்த பிறகும் அஞ்சு மணி

மின்சார ரயிலில் ஆவடியில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு இளைஞர்களும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவன் கண்ணில் தூக்கம் வழிந்தது.

“செத்துப் போயும் எங்க தாத்தா காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி உட்றாருடா மச்சான்.”

“இன்னாடா சொல்ற?”

“மிலிட்டரில இருந்தவரு இல்ல? தெனம் காலைல மொத்தக் குடும்பமும் வாசல்ல வரிசையா நிக்கணும். நின்னாத்தான் டீ. ஒவ்வொரு கதவா பிராண்டி எழுப்புறது எங்க நாயோட டியூட்டி. எல்லாரும் வந்து நின்னதும் அதுக்கு ஒரு டீக்கடை பொறை பிஸ்கட்டு போடுவாரு.”

“அவரு போய் ரெண்டு மாசம் ஆவுதே.”

“அது நாய்க்குத் தெரியணுமே! செகண்ட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தாலும், எழுந்து வாசல்ல நிக்கிற வரைக்கும் உட மாட்டேங்குது.”

“பொறைய நிறுத்து. தானா அடங்கிடும்.”

“அதான் ஊட்ல எல்லாரும் கூடிப் பேசி நிறுத்தினோம். இப்ப இன்னா நடக்குது தெரியுமா? கோலம் போடும்போது அம்மா ஒண்ணு போடுது. பேப்பர் எடுக்கப் போற மாதிரி போய் நைனா ஒண்ணு போடுறாரு. வண்டி தொடைக்கிற சாக்குல அண்ணன் ஒண்ணு. ஒரு பொறை தின்னுகினு இருந்த நாய் இப்ப நாலு தின்னுது. உருப்படுமா இந்தக் குடும்பம்?”

“நீ மூணு பேரத்தான சொன்ன?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நான் கடைசியா போடுவேன். அவங்கெல்லாம் உள்ள போனப்புறம்.”