வேலிக்குப் பின்னால் ஒரு வாங்கு

— இல்லை ஜெயா, நான் கேக்கிறன். ஒரு மனுசன் தன்ரை கிளப் தோக்கவேணும் எண்டு நேர்த்தி வைச்சால் அது பிழை. உது என்ரை கிளப்போ? துருக்கிக்காரன்ரை கிளப். உது தோக்கவேணும் எண்டு நான் நேர்த்தி வைச்சால் அதிலை என்ன பிழை, சொல்லு பாப்பம்?

— உள்ளுக்கை ஓடுறது உங்கடை மோன். அதுதான் பிழை.

— சயன் பின்னுக்கு நிக்கிறவன். தோத்தால் முன்னுக்கு நிக்கிறவனைத்தான் பேசுவினம். நீ தேத்தண்ணியை ஊத்து.

— ஊத்திறன், கொஞ்சம் தள்ளி இருங்கோ. இத்தனை வருசமா ஞாயிற்றுக்கிழமை எண்டால் இஞ்சைதான் வந்து நிண்டனீங்கள். ஒரு நாளாவது என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களே?

— இண்டைக்கு வந்திட்டாய்தானே.

— நான் பந்து பாக்க வரேல்லை. அப்பிடி என்னத்தைப் பாக்க இந்த மனுசன் ஓடுது எண்டு பாக்க வந்தனான். ஒரு காலம் எனக்கு உண்மையாவே சந்தேகம். ஊஸ்டர் ரவுணிலை ஆரோ ஒருத்தி இருக்கிறாள் எண்டு நினைச்சன்.

— ஒருத்தியோ? உனக்கென்ன விசரே?

— பின்னை? சேட்டு மாத்தி, தலை இழுத்து, சென்ற் அடிச்சுக்கொண்டு வெளிக்கிடுறியள். வேலிக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு பந்து பாக்கிறதுக்கு ஆர் சென்ற் அடிப்பினம்?

— எதிரியைப் பாக்கப் போறதெண்டாலும் ஒழுங்கா வெளிக்கிட்டுத்தான் போகவேணும். விளங்கிச்சோ?

— என்ரை சிவனே. அந்த ஒருத்தியா இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திராது. அவளோடை போய்ச் சண்டையாவது பிடிச்சிருப்பன். ஒரு கிளப்போடை என்னண்டு சண்டை பிடிக்கிறது?

— சும்மா இரு, கோர்ணர் அடிக்கப் போறாங்கள்... சீ, வெளியாலை போச்சு. நல்லது. வெளியாலை போகட்டும்.

— உவங்கள் உங்களுக்கு என்னதான் செய்தவங்கள்?

— ஒண்டும் செய்யேல்லை. அதுதான். சொல்லுறன் கேள். நான் எண்பத்தாறிலை சுவிசுக்கு வரேக்கை இந்தத் துர்னா கிளப்புக்கு வயது பத்துக்கு மேலை. நூல் ஆலையிலை வேலை செய்த துருக்கிக்காரர் சேர்ந்து தொடங்கின கிளப். துர்னா எண்டால் கொக்கு மாதிரி ஒரு பறவையாம், நாடு விட்டு நாடு பறக்கிறது. நான் அகதி முகாமிலை. வேலை இல்லை, பாஷை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா நடந்து வாறன், மேளச் சத்தம் கேக்குது. திருவிழாவாக்கும் எண்டு நினைச்சு வந்து எட்டிப் பாத்தால் உவங்கள்.

— மேளமோ? பந்தடிக்கிற இடத்திலையோ?

— மேளம், கரியிலை வாட்டின இறைச்சி, தோளிலை பிள்ளையளோடை தகப்பன்மார். ஒருத்தன் கோல் அடிச்சான். அந்தச் சனம் முழுக்க அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுது, ஜெயா. அண்டைக்கு இந்த நாட்டிலை என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு சீவன் இல்லை. கனகரத்தினம் எண்ட பேர் முகாமிலை ஒருத்தன்ரை வாய்க்குள்ளையும் நுழையாது. ‘ஹேய்’ எண்டுதான் கூப்பிடுவாங்கள். எனக்கு வயிறு எரிஞ்சுது. அண்டு தொடங்கி இண்டைக்கு மட்டும் எரியுது.

— பாவம், தனிமையிலை வந்த எரிச்சல்.

— தனிமை இல்லை. பொறாமை. ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

— சரி, பொறாமையே. அப்ப தொடங்கினது அதோடை முடிஞ்சிருக்கலாமே.

— எங்கை முடிய விட்டாங்கள்? தொண்ணூறுக்குப் பிறகு ஏறினாங்கள் பார், ஒரே ஏத்தம். ஐஞ்சாம் லீக், நாலாம் லீக், மூண்டு. அங்கை தெரியுதே ஓட்டுக் கூரை, அந்த கிளப்ஹவுஸ், அது ஒரு கோடைக்குள்ளை தங்கடை கையாலையே கட்டினது. மேசன் ஒருத்தன், தச்சன் ஒருத்தன், வயர் இழுக்கிறவன் ஒருத்தன், எல்லாம் கிளப்புக்குள்ளையே. நான் இஞ்சை நிண்டு ஒவ்வொரு கல்லா எண்ணினன். பிறகு தொண்ணூற்றி மூண்டு, வைகாசி மாசம், ரெண்டாம் லீக்!

— தொண்ணூற்றி மூண்டு வைகாசி. சயன் பிறந்த அண்டு.

— ம்.

— ஆஸ்பத்திரிக்குப் பிந்தி வந்து, பஸ் வரேல்லை எண்டு சொன்னியள்.

— பஸ்ஸும் வரேல்லைத்தான்.

— நான் பிறகு அறிஞ்சனான். உங்கடை முகத்தைப் பாத்திட்டு நேர்ஸ் ‘பயப்பிடாதேங்கோ, பிள்ளை நல்ல சுகம்’ எண்டு ஆறுதல் சொன்னவள். உங்களுக்குத் துக்கம் துருக்கிக்காரன் வெண்டது எண்டு அவளுக்கு எங்கை தெரியும்?

— அந்த வருசம்தானே நாங்களும் வளர்பிறை விளையாட்டுக் கழகம் தொடங்கினது! எங்களுக்கும் ஒரு கட்டடம், ஒரு மேளம், ஒரு சத்தம் வேணும் எண்டு.

— தொடங்கி, மூண்டாம் வருசம் ரெண்டாப் பிரிஞ்சியள்.

— அது கொள்கைப் பிரச்சினை.

— என்ன கொள்கை? நினைவுக் கிண்ணத்தை மேடையிலை ஆர் தூக்கிக் குடுக்கிறது எண்டு அடிபட்டது கொள்கையோ? ரெண்டு பகுதியும் ஒரே நாளிலை ரெண்டு சுற்றுப்போட்டி வைச்சு, ரெண்டு இடத்திலை கொத்துரொட்டி போட்டு, விளையாட ஆள் வரேல்லை. அந்தக் கோல் வலையள் இப்பவும் வீட்டுக்குக் கீழை என்ரை கெல்லருக்குள்ளை அரிசி மூட்டைக்குப் பக்கத்திலை கிடக்குது. போன மாரிக்கு அதுக்குள்ளை ஒரு எலி சிக்கிச்சுது. வளர்பிறை கடைசியா அடிச்ச கோல் அதுதான்.

— சிரி, சிரி. உன்ரை கெல்லர் நாளைக்கு வெறுமையாகும். இண்டைக்கு உவங்கள் வெல்லாட்டி ஐஞ்சாம் லீக், ஆக அடி. அங்கை போனால் கிளப்பை மூடுறது எண்டு போன மாசம் கூட்டத்திலை முடிவெடுத்திட்டாங்கள். பழைய ஆக்கள் ஊருக்குப் போட்டினம், இல்லாட்டி காலமாகிட்டினம். பிள்ளையள் பெரிய சுவிஸ் கிளப்புகளிலை. இப்ப உள்ளுக்கை விளையாடுறதைப் பார்: எரித்திரியன், அல்பேனியன், எங்கடை சயன். துருக்கிப் பெடியள் நாலு பேர் வராது. கிளப் மூடினால் கட்டடம் அடுத்து, பதிவிலை இன்னும் இருக்கிற எங்கடை வளர்பிறைக்குத்தான் எண்டு கெமைண்டேயிலை, நகரசபையிலை, சொல்லிப்போட்டினம்.

— அப்ப அதுக்குத்தான் நேர்த்தியோ?

— அதுக்கும்தான்.

— உங்கடை கண் பொல்லாத கண். அதுதானே கிளப்ஹவுஸ் வாசல்லை அந்த நீலக் கண்ணாடிக் கண்ணைக் கட்டி வைச்சிருக்கிறாங்கள். நாங்கள் வீட்டு வாசல்லை பூசணிக்காய் கட்டிற மாதிரி.

— அந்தக் கண் என்ரை கண்ணை மறிக்கக் காணாது. ரெண்டாயிரத்து நாலு ஞாபகம் இருக்கோ? உவங்களும் எங்களை மாதிரி ரெண்டாப் பிரிஞ்சு, பாதிப்பேர் வேறை கிளப் தொடங்கி, ரெண்டாம் லீக்கிலை இருந்தது கடகடவெண்டு விழுந்தாங்கள். எனக்குத் தீபாவளி. அது முழுக்க என்ரை கண் பட்டது.

— அதெப்பிடி? ரெண்டாயிரத்து நாலு முழுக்க நீங்கள் முழங்கால் ஒப்பரேசன் செய்து கட்டில்லை எல்லே கிடந்தனீங்கள். ஒரு மேட்ச்கூடப் பாக்கேல்லையே.

— பாக்காட்டி என்ன? எரிச்சல் கட்டில்லை இருந்தும் போகும்.

— ஓமோம், தபாலிலை போகும்.

— நக்கல் அடிக்காதை. அதுக்கடுத்த வருசம் நான் பொல்லு ஊண்டிக்கொண்டு இஞ்சை வாறன். பாத்தால், நான் வழக்கமா நிக்கிற இதே இடத்திலை இந்த வாங்கு. இருக்கிறதுக்குப் புதுப் பலகை அடிச்சது. இந்த நாட்டிலை கெமைண்டே எண்டால் கெமைண்டேதான். வருத்தக்காரன் எங்கை நிக்கிறான் எண்டுகூடப் பாத்துச் செய்யும்.

— வேலிக்குப் பின்னாலை, பாதையும் இல்லாத இடத்திலையோ? இதிலை உங்களைத் தவிர ஆர் வந்து இருக்கிறது?

— அதைப் பற்றி உனக்கென்ன? இன்னொண்டு பார். இந்த வேலி முழுக்க ஆள் உயரத்துக்கு வளந்து நிக்குது. இந்த வாங்குக்கு நேரை மட்டும் வளராது. மண் சரியில்லையாக்கும். நான் இருந்தபடியே முழு மைதானமும் பாக்கலாம்.

— நல்ல விசயம்தான். ஆனால் உள்ளுக்கை போய் இருந்து பாக்கலாமே. மோன் விளையாடுறான், ஆர் மறிக்கிறது?

— ஆர் கூப்பிட்டது?

— என்ன?

— ஆர் கூப்பிட்டது எண்டு கேக்கிறன். முப்பது வருசத்துக்கு மேலை இஞ்சை நிக்கிறன். மழைக்குள்ளையும் நிண்டிருக்கிறன். பந்து வேலிக்கு இஞ்சாலை விழுந்தால் எடுத்து எறிஞ்சிருக்கிறன். அந்த இஸ்மாயில், அப்ப கோல் அடிச்சவன், இப்ப கோச், என்ரை முகத்தைப் பாத்துத் தலையாட்டிப்போட்டுப் பந்தை வாங்கிக்கொண்டு போவான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘வா உள்ளுக்கு, ஒரு தேத்தண்ணி குடி’ எண்டு கேட்டவனோ? போற வாற எல்லாரையும் கூப்பிடுறாங்கள். நான் மட்டும் அவங்களுக்கு ஆகாது. அவங்கடை பூகம்பம் வந்த வருசம், இருந்ததெல்லாம் ஊருக்கு அனுப்பிப்போட்டு, வெளிறிப்போன பழைய ஜேர்சியோடை விளையாடினாங்கள். அதோடையும் வெண்டாங்கள். வெண்டு கட்டிப்பிடிச்சு அழுதாங்கள். நானும் இஞ்சாலை நிண்டு அழுதனான். அது அவங்களுக்குத் தெரியுமோ?

— இஞ்சாருங்கோ... இதை ஏன் என்னட்டை ஒரு நாளும் சொல்லேல்லை?

— சொல்ல என்ன கிடக்கு? அங்கை பார்! சயன்... டேய், முன்னுக்கு ஏன் போறாய்? உனக்கு அங்கை என்ன வேலை?

— அடிச்சிட்டான்! ஐயோ, கோல்! அடிச்சது எங்கடை சயன்! எழும்பிக் கை தட்டுங்கோ!

— பேசாமல் இரு, ஜெயா.

— பாருங்கோ, எல்லாரும் அவன்ரை பேரைக் கத்துறாங்கள். சயன், சயன் எண்டு!

— கேக்குது. எனக்கும் காது இருக்கு. அடுத்தது விசில்... பாதி முடிஞ்சுது. வா, வீட்டை போவம்.

— என்னது? இன்னும் பாதி கிடக்கே!

— என்ரை மோனை வைச்சு என்ரை கண்ணுக்கு முன்னாலை வெல்லுறாங்கள். எனக்கு வாய்க்காத அந்தச் சத்தம், அந்தப் பேர் கூப்பிடுறது, எல்லாம் இப்ப அவனுக்கு. நான் பெத்த பிள்ளையிலையும் எனக்குப் பொறாமை வரப்பாக்குது, ஜெயா. அது வர முதல் எழும்பு. பிளாஸ்கை எடு.

— இவ்வளவு நாளும் இல்லாமல் இண்டைக்கே?

— எழும்பு எண்டுறன்.

— அப்பா! வார்ட்டெ, வார்ட்டெ, நில்லுங்கோ! எங்கை போறியள்?

— சயன் ஓடி வாறான். மெல்ல, மோனே, சப்பாத்தோடை விழுந்துபோடுவாய்.

— அம்மா, நீங்களும் வந்தனீங்களோ? சூப்பர். அப்பா, போகாதேங்கோ. பிளீஸ். இருங்கோ.

— எனக்கு முழங்கால் நோகுது. நீ போய் விளையாடு.

— ஏலாது. இஸ்மாயில் அபிதான், இஸ்மாயில் அண்ணைதான் என்னை அனுப்பினவர். அங்கை எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம். நீங்கள் எழும்பினதைக் கண்ட உடனை கோல் காக்கிறவன் கையுறையைக் கழட்டிப்போட்டு ‘முடிஞ்சுது’ எண்டு நிலத்திலை இருந்திட்டான்.

— என்ன பகிடியோ? ஆர் என்னைப் பாக்கிறது? அவங்களுக்கு என்னைத் தெரியுமோ?

— அல்ஸோ, சரி, அப்பா, இதைச் சொன்னால் பலிக்காது எண்டு அபி எங்கடை வாயைக் கட்டிப்போட்டவர். பரவாயில்லை, சொல்லுறன். உங்களுக்கு அங்கை ஒரு பேர் இருக்கு. நசார்லுக்.

— அது என்ன, துருக்கியிலை தூஷணமோ?

— இல்லை! வாசல்லை தொங்குற நீலக் கண் இருக்கெல்லே, கண்ணூறு படாமல் காக்கிறது, அதுக்குப் பேர் அது. நீங்கள்தான் அவையின்ரை கண். கிளப்புக்குப் புதுசா ஆர் சேர்ந்தாலும் முதல் நாள் உங்களைத்தான் காட்டுவினம். ‘வேலிக்குப் பின்னாலை ஒருத்தர் எங்களையே பாத்துக்கொண்டு இருப்பார், அவர் இருக்கும் வரைக்கும் பயமில்லை’ எண்டு.

— விசர்க் கதை. நான்... நான் பாத்துத்தான் அவங்கள் விழுந்தது.

— எப்ப விழுந்தது? ரெண்டாயிரத்து நாலு. நீங்கள் வராத ஒரே வருசம். அண்டைக்குத்தான் அவைக்கு விளங்கினதாம். அடுத்த வருசம் நீங்கள் பொல்லோடை வாறியள் எண்டு கேள்விப்பட்ட உடனை, இனி உங்களை நிக்க விடக்கூடாது எண்டு இஸ்மாயில் அபி தன்ரை கையாலை செய்து போட்ட வாங்கு இது.

— கெமைண்டே போட்டது!

— கெமைண்டேக்கு இந்த வாங்கு இருக்கிறதே தெரியாது, அப்பா. இந்த இடத்திலை வேலி வளராமல் இருக்கிறதும் சும்மா இல்லை. ஒவ்வொரு பங்குனிக்கும் அவர் வந்து வெட்டிறவர்.

— அப்ப ஏன்... ஏன் ஒரு நாளும் உள்ளுக்கை கூப்பிடேல்லை?

— கூப்பிடவேணும் எண்டு ஒவ்வொரு வருசமும் கதைக்கிறவை. பழைய ஆக்கள் விடாயினம். கட்டின இடத்திலை இருந்து கழட்டினால் அந்தக் கண்ணுக்குப் பலன் போயிடுமாம். வாங்குக்கு அடியிலை கை வைச்சுப் பாருங்கோ.

— பொறு, நான் பாக்கிறன்... இஞ்சாருங்கோ. உண்மைதான். நீலமணி ஒண்டு. ஆணி அடிச்சு, கம்பி சுத்தி, நல்லா இறுக்கிக் கட்டியிருக்கு.

— விசில் ஊதப் போறாங்கள். நான் ஓடவேணும். அப்பா, இருக்கிறியளோ, போறியளோ?

— ஓடு மோனே, நீ ஓடு. நான் கதைக்கிறன்... இஞ்சாருங்கோ. அவன் ஓடிப்போயிட்டான். இப்ப நீங்கள்தான் சொல்லவேணும். எழும்பிப் போனால் கட்டடம் வளர்பிறைக்கு, கெல்லர் எனக்கு. உங்கடை நேர்த்தியும் முடிஞ்சுது. பிளாஸ்கை மூடட்டோ?

— கொஞ்சம் தள்ளி இரு, ஜெயா. என்ரை கண்ணை மறைக்கிறாய்.